தெருவைக் காக்கும் ஹீரோவுக்கு எவ்வளவு சக்தி வேண்டும்?

மைத்துளி எழுதியது:

டேர்டெவில், பனிஷர், லூக் கேஜ், மூன் நைட், கிரீன் ஆரோ, பேட்மேன். அமெரிக்க காமிக்ஸ் ஹீரோக்களில் உலகத்தை அல்ல, ஒரு நகரத்தை, சில சமயம் நாலு தெருவை மட்டும் காக்கிறவர்கள். இவர்களுக்கு எவ்வளவு சக்தி இருக்கலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் அது 'எத்தனை டன் தூக்குவான், எத்தனை குண்டு தாங்குவான்' என்பதில் போய் நின்றுவிடுகிறது. வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதைகளுக்கு அந்தக் கணக்கு சரி. இவர்களுக்கு அது உதவாது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். எந்தச் சக்தியும் இல்லாத ஒரு மனிதன் இந்த ஹீரோவைத் தோற்கடிக்க வழி இருக்கிறதா? துப்பாக்கியால் முடியலாம், பணத்தால் முடியலாம், பத்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் முடியலாம். அப்படி ஒரு வழி இருக்கும்வரை அவன் தெருவுக்குச் சொந்தக்காரன். அந்த வழி அடைபட்டுவிட்டால், எத்தனை இருட்டுச் சந்துகளில் அவனை வரைந்தாலும் அவன் அங்கே விருந்தாளிதான்.

1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மாஸுகெல்லி வரைந்த டேர்டெவில் இதழ்களை (227 முதல் 233 வரை) எடுத்துக்கொள்ளுங்கள். கண் தெரியாத வக்கீல் மாட் முர்டாக்தான் டேர்டெவில் என்று குற்றக்கும்பல் தலைவன் கிங்பினுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் உடனே அடியாளை அனுப்பவில்லை. வருமான வரித் துறை கணக்கை முடக்குகிறது. வீட்டுக்கடன் தவணை வந்து சேரவில்லை என்று வங்கி சொல்கிறது. ஒரு போலீஸ் அதிகாரியின் பொய்ச்சாட்சியால் வக்கீல் தொழிலே போகிறது. சுற்றியிருப்பதைக் கண்ணில்லாமலே அறியும் முர்டாக்கின் ரேடார் உணர்வு அன்றும் வேலை செய்தது, காது அன்றும் கேட்டது. ஆனால் எதை எதிர்த்துக் குதிப்பது? கடைசியில் கிங்பின் அவன் வீட்டை வெடிவைத்துத் தகர்த்த பிறகுதான் இதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்பதே அவனுக்குப் புரிகிறது. கிங்பினிடம் இருந்ததெல்லாம் உடல்பலமும் பணமும் தொலைபேசியும். தெருக்கதையில் சக்தியின் உச்சவரம்பு இதுதான் என்று நான் கோடு போடுவேன்.

---

சுவரேறி எழுதியது:

உங்கள் கோட்டுக்கு வெளியே நிற்கிற முதல் ஆள் ஸ்பைடர்மேன். மார்வலின் சொந்தக் கையேடே அவனால் பத்து டன் தூக்க முடியும் என்கிறது. அடி வருவதற்கு முன்பே எச்சரிக்கும் உணர்வு வேறு. துப்பாக்கிக்காரன், அடியாள், பத்து பேர், யாரும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அவனைத் தெரு ஹீரோ இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாடகை பாக்கி, அத்தையின் மருந்து, தேர்வுக்குப் போக முடியாமல் போன காலை, இதெல்லாம் அவன் கதைகளில்தானே வேர் பிடித்தது?

பலத்தைப் பொறுத்தவரை அவன் எப்போதும் அடக்கித்தான் அடிக்கிறான் என்பது தெரிந்ததே. 2007இல் வந்த ஒரு கதையில், அத்தையைச் சுட ஆள் ஏவிய கிங்பினைத் தேடிச் சிறைக்கே போய், அத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டு அடிப்பான். கிங்பினால் ஒன்றுமே செய்ய முடியாது. 2012 முடிவில், டாக்டர் ஆக்டோபஸ் என்ற வில்லனின் மனம் பீட்டரின் (ஸ்பைடர்மேனின்) உடலுக்குள் இருந்தபோது, ஸ்கார்பியன் என்ற இன்னொரு வில்லனை ஒரே குத்தில் தாடை பெயர அடித்துவிட்டு, இந்த உடலுக்குள் இவ்வளவு பலமா என்று அவனே அதிர்ந்துபோவான். தெருவில் நிற்க ஒருவன் பலவீனமாக இருக்கவேண்டும் என்பதில்லை. பலத்தைப் பயன்படுத்த முடியாத சிக்கலில் அவனை நிறுத்தினால் போதும் என்பது என் கட்சி.

---

பழைய இதழ் எழுதியது:

இருவரும் 1938க்குப் போய் வாருங்கள். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேன் பறக்க மாட்டான். எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவான். வெடிக்கிற பீரங்கிக் குண்டு மட்டும்தான் அவன் தோலைத் துளைக்கும். அந்த முதல் கதையில் அவன் செய்த வேலைகள் என்ன? செய்யாத கொலைக்கு மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஆளுநர் வீட்டுக் கதவை உடைத்தான். மனைவியை அடித்த ஒருவனைப் பிடித்துச் சுவரில் எறிந்தான். நிருபர் லோயிஸைக் கடத்திய ரவுடிகளின் காரைத் தலைக்குமேல் தூக்கி நொறுக்கினான். அப்புறம் ஒரு செனட்டருக்குப் பின்னால் இருந்த தரகனைத் துரத்தினான். எட்டாவது இதழில் ஒரு சேரியை முழுக்க இடித்துத் தள்ளி, அரசாங்கமே புது வீடுகள் கட்டித் தரவேண்டிய நிலையை உண்டாக்கினான்.

இதைவிடத் தெருவுக்கு நெருக்கமான கதை இன்றைக்கும் அதிகம் வருவதில்லை. அவனைத் தெருவிலிருந்து மேலே தூக்கியது முதல் இதழில் இருந்த பலம் இல்லை. அடுத்த இருபது வருடத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பலம். பறக்கத் தொடங்கினான், சுவருக்குப் பின்னால் பார்த்தான், கோள்களை நகர்த்தினான். பலம் ஏற ஏற வாசலில் நிற்கும் மனைவியடிக்கிறவன் அவன் கண்ணுக்கே தெரியாமல் போனான். 1986இல் எழுத்தாளர் ஜான் பைர்ன் வந்து அந்தச் சக்தியைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அதனால் நான் கேட்க விரும்புவது வேறு: ஏன் ஏறுகிறது? தொடர்கதை முடிவதே இல்லை. போன மாத வில்லனைவிட இந்த மாத வில்லன் பெரியவன் என்று விளம்பரம் போட்டாக வேண்டும். வில்லன் ஒரு படி ஏறினால் ஹீரோவும் ஏற வேண்டும். இறங்கும் படி மட்டும் யாரும் கட்டி வைப்பதில்லை.

---

நாலாம் கட்டம் எழுதியது:

சுவரேறி ஸ்பைடர்மேனை இழுத்துவிட்டதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். மூன்றே வருட இடைவெளியில் வந்த இரண்டு கதைகள்.

1982இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதியது. யாராலும் தடுத்து நிறுத்த முடியாத வில்லன் ஜக்கர்நாட் நகரத்துக்குள் நடந்து வருகிறான். ஸ்பைடர்மேன் அடித்துப் பார்க்கிறான், வலை கட்டிப் பார்க்கிறான், எரிபொருள் லாரியையே கொண்டுபோய் மோதுகிறான். ஜக்கர்நாட் நடந்துகொண்டே இருக்கிறான். இரண்டு இதழும் இதேதான். கடைசியில் ஒரு கட்டுமான இடத்தில், இன்னும் இறுகாத கான்கிரீட் அஸ்திவாரத்துக்குள் அவனை இறக்கிவிடுகிறான். ஜெயித்தது பலத்தால் இல்லை. விடாமல் ஒட்டிக்கொண்டிருந்ததால்.

1985இல் ஃபயர்லார்ட். கோள்களை விழுங்கும் கலாக்டஸுக்குத் தூதனாக இருந்தவன், விண்மீன்களுக்கு நடுவே பறக்கிறவன். அவனையும் ஸ்பைடர்மேன் ஓட்டம் காட்டி அலைக்கழிக்கிறான், அதுவரை கதை அருமை. ஆனால் முடிவில் ஆத்திரம் வந்து குத்து மேல் குத்து விட்டு அவனை மயங்கி விழச் செய்கிறான். அவெஞ்சர்ஸ் வந்து சேரும்போது வேலை முடிந்திருக்கிறது.

இந்த இரண்டாவது முடிவை நாற்பது வருடமாக வாசகர்கள் மன்னிக்கவில்லை. எனக்கும் மனம் ஒப்பவில்லை. பத்து டன் இருப்பது பிரச்சினை இல்லை. கோபம் வந்தால் பத்து டன் பத்தாயிரமாகும் என்றால், அடுத்த மாதம் ஒரு சாதாரணக் கொள்ளைக்காரனிடம் அவன் அடிவாங்கும்போது நான் எதை நம்புவது? அளவு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதை மாற்றாமல் வைத்திருங்கள்.

---

இரவுப்பறவை எழுதியது:

சக்தியே இல்லாத பேட்மேனைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. இந்தப் பட்டியலில் அளவு மீறிப் போனவன் அவன்தான் என்று பலர் சொல்வார்கள், ஓரளவு நியாயமும் இருக்கிறது. 1997இல் தொடங்கிய, சூப்பர்ஹீரோ அணி ஒன்றின் கதையான ஜேஎல்ஏ தொடரில் சூப்பர்மேன் உட்பட எல்லாரும் பிடிபட்ட பிறகு, வந்திருப்பவர்கள் செவ்வாய்க்காரர்கள், நெருப்புக்கு அஞ்சுகிறவர்கள் என்று கண்டுபிடித்துத் தனியாளாக மடக்குகிறான். 2000இல், தன் சக ஹீரோக்கள் ஒவ்வொருவரையும் வீழ்த்த அவன் எழுதி வைத்திருந்த திட்டங்கள் திருட்டுப்போகின்றன. 2014இல் ஹெல்பேட் என்ற பலம்கூட்டும் கவசம் மாட்டிக்கொண்டு, கடவுளுக்கு நிகரான வில்லன் டார்க்சைடின் உலகத்துக்கே போகிறான். ஆக, மைத்துளி, 'சக்தி இல்லை' என்று எழுதி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. முன்னேற்பாடு என்ற பெயரில் எதையும் கொடுத்துவிடலாம்.

ஆனால் அதே பேட்மேனை 1993இல் பேன் என்ற வில்லன் எப்படி உடைத்தான்? நேரே வந்து சண்டை போடவில்லை. முதலில் மனநோயுள்ள குற்றவாளிகளை அடைத்திருந்த ஆர்க்கம் காப்பகத்தைத் திறந்துவிட்டான். ஒவ்வொரு பைத்தியமாகப் பிடித்து உள்ளே போட பேட்மேன் இரவிரவாக அலைகிறான். தூக்கம் இல்லை, காயம் ஆறவில்லை, யோசனை மழுங்குகிறது. அந்த நிலையில் வீட்டுக்குத் திரும்பியவனைத்தான் பேன் முதுகெலும்பை முறிக்கிறான். பேன் போதைமருந்து ஏற்றிக்கொண்ட பலசாலி, சரி. ஆனால் பேட்மேனை வீழ்த்தியது அவன் கை இல்லை, அதற்கு முன்னால் போன தூக்கமில்லாத இரவுகள். ஒரு தெரு ஹீரோவுக்கு எந்தச் சக்தியை வேண்டுமானாலும் கொடுங்கள், களைக்காத உடம்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காயம் அடுத்த இதழுக்கும் கூடவே வரவேண்டும்.

---

மைத்துளி எழுதியது:

இரவுப்பறவை சொன்ன காயம் என்ற விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். காயம் தானாகவே ஆறும் சக்தி கொண்ட வோல்வரினுக்கு நடந்தது அதைத் தொலைத்ததுதான். தொடக்கத்தில் அவன் காயம் ஆற நாட்கள் பிடிக்கும். 2006இல் தன் உடலையே வெடிக்கச் செய்யும் வில்லன் நைட்ரோ வெடித்து அவனை எலும்புக்கூடாக்கிய பிறகும் சதை வளர்ந்து எழுந்து வந்தான். அதற்குப் பிறகு ஒரு சந்தில் நாலு பேர் அவனைச் சூழ்ந்தால் நான் ஏன் பக்கத்தைப் பதறிப்போய்த் திருப்பவேண்டும்?

உடல்பலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது தகவல் சக்தி. டேர்டெவிலால் எதிரில் இருப்பவரின் இதயத்துடிப்பைக் கேட்க முடியும், பொய் சொன்னால் தெரிந்துவிடும். யோசித்துப் பாருங்கள், குற்றக்கதையில் இதைவிடப் பெரிய ஆயுதம் உண்டா? யார் செய்தான் என்ற கேள்வியே இல்லாமல் போய்விடும். பத்து டன் தூக்குகிறவன் சண்டையைத்தான் கெடுப்பான். பொய்யைக் கண்டுபிடிக்கிறவன் கதையையே கெடுத்துவிடுவான்.

அப்படியும் அந்தத் தொடர் கெடவில்லை, ஏன்? ஒன்று, அவன் வக்கீல். காதில் கேட்டதை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது. தெரிந்தும் நிரூபிக்க முடியாமல் நிற்கிறான், அது தெரியாமல் இருப்பதைவிடக் கொடுமை. இரண்டாவது, 1982இல் மில்லர் செய்தது. ஹாக்மேன் என்ற ஒருவன் கொலை செய்யவில்லை என்கிறான், இதயம் ஒரே சீராகத் துடிக்கிறது. முர்டாக் நம்பி வழக்கை எடுக்கிறான், விடுதலையும் வாங்கித் தருகிறான். அப்புறம்தான் தெரிகிறது, அவனுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். சக்தி சரியாகத்தான் வேலை செய்தது, அவன் அதை நம்பிய விதம்தான் தவறு. ஒரு சிறு மருத்துவக் கருவி ஒரு சூப்பர்ஹீரோவைத் தோற்கடித்தது. நான் முதலில் சொன்ன அந்த 'வழி' இந்த மாதிரியும் வரலாம், சுவரேறி. அதைச் செய்ய வில்லனுக்குப் புஜபலம் தேவையே இல்லை.

---

வெள்ளைத்தாள் எழுதியது:

எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன், ஒரு கேள்வி. நான் ஒரு காமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி பகலில் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். அவள் நினைத்தால் அவளைச் சுற்றிப் பத்தடிக்குச் சத்தமே இருக்காது. காலடி, பேச்சு, துப்பாக்கி, எதுவும் கேட்காது. அவ்வளவுதான் சக்தி. பலம் இல்லை, வேகம் இல்லை. எதிரி, வாடகைக்கு இருப்பவர்களை விரட்டிவிட்டு மனையை விற்பதற்காகக் கட்டடங்களுக்குத் தீ வைக்கிற ஒருவன்.

கூட வேலை செய்கிறவர் இது போதாது என்கிறார். இரண்டாம் பாகத்தில் விழுங்கிய சத்தத்தையெல்லாம் சேர்த்து ஒரு வெடியாக அவள் திருப்பி எறியவேண்டும், இல்லாவிட்டால் அட்டைப்படத்துக்கு ஒன்றும் இல்லை என்கிறார். கொடுக்கலாமா?

---

தூரிகை எழுதியது:

கொடுக்காதீர்கள்! படம் வரைகிறவளாகச் சொல்கிறேன், உங்கள் கையில் இருப்பது என்னவென்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது. காமிக்ஸில் சத்தம் என்பதே எழுத்துதான். அவள் ஒரு கட்டத்துக்குள் நுழைந்தால் 'டமார்' இல்லை, 'தட்' இல்லை, பேச்சுக்குமிழியே இல்லை. ஒருவன் கத்திக்கொண்டே அவள் வட்டத்துக்குள் ஓடி வருகிறான் என்றால் குமிழி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வட்டம் எங்கே முடிகிறது என்று ஒரு கோடுகூடப் போடாமல் காட்டிவிடலாம். இப்படித் தாளிலேயே தெரிகிற சக்தி கிடைப்பது அபூர்வம். சத்தவெடி எல்லாரிடமும் இருக்கிறது.

பொதுவாகவும் ஒன்று. தெருக்கதையை வரையும்போது நான் முதலில் கவனிப்பது தூரத்தை. ஹீரோ இங்கிருந்து அங்கே போக நேரம் ஆகவேண்டும். பறக்கிறவனுக்கு நகரம் வெறும் வரைபடம். கூரைக்குக் கூரை தாவுகிறவனுக்கு ஒவ்வொரு தண்ணீர்த்தொட்டியும், ஒவ்வொரு இரும்புப்படியும், இடையில் விழுந்திருக்கும் இடைவெளியும் கணக்கில் வரும். அவன் ஓடி வந்து சேர்வதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிடலாம். எனக்குத் தெருவே பின்னணி இல்லை, அதுதான் அவன் முதல் எதிரி. வில் ஐஸ்னர் 1940இல் தொடங்கிய தி ஸ்பிரிட்டைப் பாருங்கள். வழக்கமாக ஏழு பக்கக் கதை, சக்தி எதுவும் கிடையாது, அடிவாங்கிக்கொண்டே இருப்பான். மழையும் படிக்கட்டும் தெருவிளக்கும்தான் அங்கே நடிக்கும்.

---

சுவரேறி எழுதியது:

தூரிகை, தூரத்தைப் பற்றிச் சொன்னது நிஜம். ஸ்பைடர்மேன் உயரமான கட்டடம் இல்லாத புறநகர்ப் பகுதியில் மாட்டிக்கொண்டால் பேருந்துதான் பிடிக்கவேண்டும், வலையை எதில் கட்டுவது?

ஆனால் மைத்துளியிடம் இன்னும் என் வழக்கு முடியவில்லை. லூக் கேஜ். 1972இல் வந்தவன், செய்யாத குற்றத்துக்குச் சிறை, அங்கே ஒரு பரிசோதனை, தோல் எஃகாகிறது. குண்டு துளைக்காத ஒரு கறுப்பின மனிதன் ஹார்லெமில் நடந்து போகிறான் என்ற ஒரு படத்துக்கு இருக்கிற எடை, அந்தச் சக்தியை எடுத்துவிட்டால் காணாமல் போய்விடும். இங்கே சக்தி குறைவாக இருந்தால்தான் கதை கெடும். அவன் கூலிக்கு வேலை செய்கிறவன், அலுவலக வாடகை கட்டவேண்டும். வில்லன் டாக்டர் டூம் 200 டாலர் கூலி பாக்கி வைத்துப் போய்விட்டான் என்று அவன் ஆளும் லாட்வேரியா நாட்டுக்கே போய் வசூலித்தானே! குண்டு துளைக்காத தோல் இருந்தும் 200 டாலர் அவனுக்குப் பெரிய தொகை. அதே தோல் இன்னொரு கதையில் அவன் மருத்துவமனையில் கிடக்கும்போது ஊசியை உள்ளே விடாது. சக்தி அவனைத் துப்பாக்கியிலிருந்து காப்பாற்றுகிறது, வைத்தியரிடமிருந்தும் பிரிக்கிறது.

ஜெசிக்கா ஜோன்ஸும் அப்படித்தான். காரைத் தூக்குவாள், ஓரளவு பறக்கவும் செய்வாள். பேச்சாலேயே மற்றவர்களை ஆட்டிவைக்கும் பர்ப்பிள் மேன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கை அவள் பேச்சைக் கேட்காது, மாதக்கணக்கில் அப்படி வைத்திருந்தான். அவள் பலம் முழுவதும் அவன் பலமானது. இந்த மூன்று பேரையும் உங்கள் அளவுகோல் வெளியே தள்ளினால், தவறு அளவுகோலில்தான்.

---

மைத்துளி எழுதியது:

மூன்று பேரையும் நான் தள்ளவில்லை, சுவரேறி. கேஜை ஒரு குற்றச்சாட்டும் நீதிபதியும் சிறைக்கு அனுப்பலாம். ஏற்கெனவே அனுப்பியும் இருக்கிறார்கள். தோல் எஃகானதால் அந்தத் தீர்ப்பு மாறவில்லை. சக்தி இல்லாத மனிதர்கள் அவனைத் தோற்கடிக்கும் வழி முதல் இதழிலேயே திறந்துதான் இருந்தது. பீட்டர் பார்க்கரைத் தினமும் ஒரு செய்தித்தாள் ஆசிரியர் தோற்கடிக்கிறார், கையில் தலைப்புச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு.

ஜெசிக்காவில் மட்டும் உங்களோடு மோதுவேன். பர்ப்பிள் மேனுக்குச் சக்தி உண்டு, அது அவனிடம் இருக்கிற ஒரே ஆயுதம். அந்தக் கதை தெருவில் நிற்பதற்குக் காரணம் அவள் அதற்குப் பிறகு வாழ்கிற வாழ்க்கை, குடி, தூக்கமின்மை, யாரையும் அருகில் விடாதது. அதை நான் அளவுகோலுக்குள் இழுத்துப் போட முயலமாட்டேன். அது தனி.

---

பழைய இதழ் எழுதியது:

வெள்ளைத்தாளின் நாயகியைப் பார்த்ததும் எனக்கு இரும்புக்கை மாயாவி ஞாபகம் வந்துவிட்டார். 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் தொடங்கியவர், நம்மில் பாதிப் பேரைக் காமிக்ஸ் பக்கம் இழுத்தவரும் அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தக் கை அந்தரத்தில் தனியே நகர்ந்து வரும் காட்சிக்காகவே அடுத்த கதைக்குக் காத்திருந்தோம். முழுக்க மறைந்துவிடுகிற ஒருவராக இருந்திருந்தால் நினைவில் நின்றிருப்பாரா என்பது சந்தேகம். ஒரு வாயிற்காவலன் கூர்ந்து பார்த்தால் கையைக் கண்டுபிடித்துவிடலாம். மின்சாரம் கிடைக்காத இடத்தில் அவர் வெறும் மனிதர். ஒவ்வொரு கதையிலும் நாங்கள் எதிர்பார்த்துப் படித்தது அந்தக் குறையைத்தான்.

சக்தியைக் குறைத்துச் சிறப்பாக எழுதியதும் உண்டு. 1987இல் மைக் கிரெல், கிரீன் ஆரோவின் குத்துச்சண்டைக் கையுறை அம்பு, வலை அம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கூர் அம்புகளைக் கொடுத்தார். விளைவு, எய்தால் ஆள் சாகலாம். கையுறை அம்பு வைத்திருந்தவன் ஒருபோதும் யோசிக்கத் தேவையில்லாத கேள்வி அது. ஆனால் அதே கதையில் அவன் காதலியும் ஹீரோவுமான பிளாக் கனரியின் குரல் சக்தியும் போனது, அவள் சித்திரவதைக்கு ஆளாவதும் அங்கேதான். ஒருவனைக் கனமாக்க இன்னொருத்தியைச் சிதைத்த மாதிரி எனக்கு இன்றும் உறுத்துகிறது. சக்தியைப் பறிப்பதாலேயே கதை முதிர்ச்சி அடைந்துவிடாது.

---

இரவுப்பறவை எழுதியது:

இன்னொரு முள் இருக்கிறது. இவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் தோர் இருக்கும்போதுதான் தெருவைக் காக்கிறார்கள். மேலே ஒரு கடவுள் பறந்துகொண்டிருக்க, கீழே ஒருவன் மூன்று ரவுடியிடம் விலா எலும்பு உடைவதை நான் எப்படிப் பொருட்படுத்துவது? எனக்குத் தெரிந்தவரை இதைச் சமாளிக்க எழுத்தாளர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

கண்ணைத் திறந்துகொண்டு செய்த ஒன்றைச் சொல்கிறேன். 1965, டேர்டெவில் ஏழாம் இதழ், வாலி வுட் வரைந்தது. கடலரசன் நேமோர், மனித இனத்தின்மேல் வழக்குப் போட முர்டாக்கின் அலுவலகத்துக்கு வருகிறான். பிறகு மோதல். டேர்டெவிலுக்கு வாய்ப்பே இல்லை, ஒரு விநாடிகூடக் கதை அப்படி நடிப்பதில்லை. விழுகிறான், எழுகிறான், விழுகிறான், காலைப் பிடித்துக்கொள்கிறான். நேமோர் ஜெயித்துவிட்டு, இவனை மதித்து, மேற்கொண்டு அழிக்காமல் போய்விடுகிறான். 1980இல் ஹல்க்கோடு மோதியபோதும் டேர்டெவில் போய்ச் சேர்ந்தது மருத்துவமனைக்குத்தான். பெரிய ஆட்களைத் தெருக்கதைக்குள் கொண்டுவரலாம், தெருக்காரன் ஜெயிக்கக்கூடாது, அவ்வளவே. நாலாம் கட்டம் சொன்ன ஃபயர்லார்டின் கோளாறும் அதுதான்.

---

நாலாம் கட்டம் எழுதியது:

நேமோர் கதையை ஒப்புக்கொள்கிறேன். தோற்றும் நகரம் பிழைத்தது, அளவும் மாறவில்லை.

வெள்ளைத்தாளுக்கு: உங்கள் பத்தடி எப்போதும் பத்தடியாகவே இருக்கட்டும். பயந்தால் இருபது, கோபம் வந்தால் ஐம்பது என்று போகவேண்டாம். முதல் அத்தியாயத்திலேயே வாசகர் அந்த வட்டத்தைக் கண்ணால் அளந்துவிடவேண்டும். பிறகு ஒவ்வொரு அறையையும் பார்க்கும்போது அவரே கணக்குப் போடத் தொடங்குவார்.

---

மைத்துளி எழுதியது:

வெள்ளைத்தாள், உங்கள் கதையில் சக்தி போதாமல் இல்லை. எதிரி போதவில்லை. அவன் அவளைத் தெரிந்துகொள்ளவேண்டும். சில யோசனைகள்:

அவன் ஆட்கள் இரண்டிரண்டு பேராக, வயர்லெஸ்ஸில் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவன் குரல் நின்றுவிட்டால் அவள் அங்கே வந்துவிட்டாள் என்று அர்த்தம். அவளை மறைத்த மௌனமே அவளைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு ஒருவனுக்கும் சக்தி வேண்டாம், கொஞ்சம் மூளை போதும்.

அடுத்தது இன்னும் கனமானது. அவன் வைப்பது தீ. தீ என்றால் அலாரம், கூச்சல், 'ஓடுங்கள்' என்று கதவைத் தட்டும் சத்தம். அவள் தீ வைக்கிறவனைப் பிடிக்க வட்டத்தோடு மாடியேறினால் வழியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சில விநாடிகளுக்கு எதுவும் கேட்காது. தூங்குகிறவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். வட்டத்தை விட்டால் அவன் தப்பித்துவிடுவான். சத்தவெடி கொடுத்தால் இந்தப் படிக்கட்டு உங்களுக்குக் கிடைக்காது, கதவை உடைத்துக்கொண்டு போய்விடுவாள்.

---

வெள்ளைத்தாள் எழுதியது:

படிக்கட்டுக் காட்சியை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பத்துப் பக்கம் அதற்கே. அவள் இரண்டாவது மாடியில் வட்டத்தை விட்டுவிட்டுக் கதவுகளைத் தட்டப் போகிறாள், அவன் தப்பிக்கிறான். வயர்லெஸ் யோசனை நாலாம் அத்தியாயத்துக்கு. வெடி வேண்டாம் என்று கூட வேலை செய்கிறவரிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் தூரிகை சொன்ன வெட்டுப்பட்ட குமிழியை வரைந்து காட்டியதும் அட்டைக்கு அதையே போடலாம் என்றார்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வட்டத்துக்குள் அவளுக்கு மட்டும் காது கேட்குமா, அவளுக்கும் கேட்காதா?

---

தூரிகை எழுதியது:

அவளுக்கும் கேட்கக்கூடாது. பின்னால் ஒருவன் வருவதை வாசகர் பார்க்கட்டும், அவள் பார்க்காமல் இருக்கட்டும். பக்கத்தை நான் வரைந்து தருகிறேன், அளவை அனுப்புங்கள்.